ஒப்படையிலிருந்து ஆய்வேடு வரை: தகவலைத் தேடுவது, சோதிப்பது, எழுதுவது பற்றி மாணவர்கள் கேட்பவை

கொழும்பில் தமிழ்மொழி மூலம் பட்டப்படிப்பைத் தொடங்கியவர்களுக்கும், ஏ.எல். வரை தமிழில் படித்துவிட்டு ஆங்கிலமூல வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் எழுதப்பட்ட பதில்கள் இவை. வெளியூரிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கிப் படிப்பவர்கள் அதிகம் என்பதால் இடங்களையும் சேர்த்தே சொல்கிறோம். எந்தத் தகவலைக் கையில் எடுத்தாலும் அதை முதன்முதலில் பதிந்தவர் யார் என்று கேளுங்கள். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை அந்தக் கேள்வியிலிருந்துதான் பிறக்கின்றன.

விரிவுரையாளர் தலைப்புத் தந்துவிட்டார். எங்கிருந்து தொடங்குவது?

கூகுளைத் திறக்க முன்னர் ஒரு தாளை எடுங்கள். தலைப்பு வேறு, ஆய்வுக் கேள்வி வேறு. "வெள்ளவத்தையில் தொடர்மாடிக் குடியிருப்புகள்" என்பது தலைப்பு. அதை அப்படியே தேடினால் வீடு விற்பனை விளம்பரங்கள்தான் வரிசையாக வந்து நிற்கும். தாளில் நான்கு விடயங்களை எழுதுங்கள்: யாரைப் பற்றி, எந்த இடம், எந்தக் காலம், எதை அளக்கப் போகிறேன். எழுதிமுடித்தால் தலைப்பு இப்படி மாறும்: "2001க்கும் 2012க்கும் இடையில் வெள்ளவத்தைப் பகுதியில் தொடர்மாடி வீடுகளின் பங்கு எவ்வளவு மாறியது? வாடகைக்கு இருப்போரின் விகிதமும் அதோடு மாறியதா?" இந்தக் கேள்விக்கு விடை இருக்கிறதா இல்லையா என்று தேடிப் பார்க்கலாம். தலைப்புக்கு அப்படி ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்து, இதை எண்ணவேண்டிய தேவை யாருக்கு இருந்திருக்கும் என்று யோசியுங்கள். வீட்டின் வகையையும் உரிமையையும் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் குடிசன, வீட்டு மதிப்பீட்டில் பதிகிறது. வரி அறவிடுவதற்காக மாநகர சபை ஆதனங்களைப் பதிகிறது. கட்டட அனுமதி நகர அபிவிருத்தி அதிகார சபையோடு தொடர்புடையது. தொடர்மாடிகளின் நிருவாகம் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபையின் வேலை. ஒவ்வொருவரும் தங்கள் அலுவலுக்காகத்தான் எண்ணுகிறார்கள், உங்கள் ஒப்படைக்காக அல்ல. அதனால் நால்வரின் எண்களும் ஒன்றோடொன்று பொருந்தாது. பொருந்தாததற்கான காரணத்தை விளக்கினாலே ஒப்படையில் ஒரு நல்ல பந்தி கிடைத்துவிடும்.

இரண்டு வார ஒப்படையென்றால் முதல் இரண்டு நாளைக் கேள்விக்கே கொடுங்கள். கேள்வி கலங்கலாக இருப்பவர்கள்தான் நாற்பது பி.டி.எஃப். இறக்கி வைத்துவிட்டு ஒன்றையும் வாசிக்காமல் திணறுகிறார்கள்.

தேடுவதற்கான சொற்களை எப்படித் தெரிவுசெய்வது?

இடப்பெயரில்தான் பலர் முதலில் தடுக்குகிறார்கள். "கொழும்பு" என்றால் மாநகர சபை எல்லையா, மாவட்டமா? 2012 மதிப்பீட்டின்படி மாநகர எல்லைக்குள் சுமார் 5.6 இலட்சம் பேர், மாவட்டத்தில் சுமார் 23 இலட்சம் பேர். எதைச் சொல்கிறோம் என்று எழுதாமல் "கொழும்பின் சனத்தொகை" என்று போட்டால் நான்கு மடங்கு பிழை வரும். "கொழும்பு 6" தபால் வலயம். அந்தப் பெயரில் குடிசன மதிப்பீட்டு அட்டவணை கிடையாது. வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகப் பிரிவுக்குள் வருகிறது. அதற்குக் கீழே வெள்ளவத்தை வடக்கு, வெள்ளவத்தை தெற்கு என்று கிராம சேவகர் பிரிவுகள் உண்டு. அட்டவணையில் தேடவேண்டியவை அந்தப் பெயர்களே.

காலமும் சொல்லை மாற்றும். 1972 மே 22க்கு முந்திய ஆங்கில ஆவணங்களில் நாட்டின் பெயர் சிலோன். ஸ்ரீ லங்கா என்று தேடினால் பழைய அறிக்கைகள் பல அகப்படாது. மக்கள் கூட்டத்தின் பெயரும் அப்படியே. மலையகத் தமிழர் பற்றிப் படிப்பவர் "இந்தியத் தமிழர்", "தோட்டத் தொழிலாளர்", "மலையகத் தமிழர்" ஆகிய மூன்றையும், அவற்றுக்கான ஆங்கிலச் சொற்களையும் தனித்தனியே போட்டுத் தேடவேண்டும். 1911 குடிசன மதிப்பீட்டிலிருந்துதான் இலங்கைத் தமிழரும் இந்தியத் தமிழரும் தனித்தனி வகைகளாக எண்ணப்படுகிறார்கள். அதற்கு முந்திய அட்டவணைகளில் அந்தப் பிரிவைத் தேடி நாளைப் போக்காதீர்கள்.

ஒரு தாளில் மூன்று நிரல் போடுங்கள்: தமிழ், ஆங்கிலம், முடிந்தால் சிங்களம். ஒவ்வொரு கருத்துக்கும் மூன்று, நான்கு சொற்கள். புதிய கட்டுரை ஒன்றை வாசிக்கும்போதெல்லாம் அதன் திறவுச்சொற்களை இந்தத் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தமிழில் தேடினால் ஒன்றுமே வருவதில்லையே, ஏன்?

பெரும்பாலும் தகவல் இருக்கும். தேடுபொறிக்குத்தான் அது தெரியாது. இதற்கு நான்கு காரணங்கள் உண்டு.

முதலாவது, வேற்றுமை உருபு. "யாழ்ப்பாணம்" என்று தேடும்போது "யாழ்ப்பாணத்தில்", "யாழ்ப்பாணத்து" என்று எழுதிய பக்கங்கள் விடுபடலாம். முக்கியமான சொல்லை இரண்டு மூன்று வடிவங்களில் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, பழைய எழுத்துரு. யுனிகோட் பரவுமுன் இங்கே தட்டச்சான கோப்புகளில் மிகப் பல பாமினி என்ற எழுத்துருவில் உள்ளவை. திரையில் அழகான தமிழ் தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். சோதிப்பது எளிது: பி.டி.எஃப்.பில் ஒரு வரியைக் கொப்பி செய்து வெறும் நோட்பேட்டில் ஒட்டுங்கள். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டினால் அது பாமினி அல்லது அதன் உறவு. இணையத்தில் கிடைக்கும் மாற்றிகளால் யுனிகோட்டாக்கலாம். ஆனால் இடையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் மாற்றி தமிழ் எழுத்துக் குவியலாக்கி விடும். மூலத்தை அருகில் வைத்து வரி வரியாகச் சரிபாருங்கள்.

மூன்றாவது, படமாக வருடப்பட்ட பக்கங்கள். ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகளைச் சேர்த்து வைத்திருக்கும் நூலகம் இணையத்தளம் 2005இல் தொடங்கியது. தமிழில் ஆய்வு செய்யும் எவரும் அதைத் தவிர்த்துப் போக முடியாது. அங்கே நூலின் உள்ளே உள்ள ஒவ்வொரு சொல்லும் தேடலில் சிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நூற்பெயர், ஆசிரியர், ஆண்டு, சஞ்சிகையின் பெயர் என்று தேடி, பொருளடக்கத்தை வாசித்துத்தான் கட்டுரையைப் பிடிக்கவேண்டும்.

நான்காவது, கலைச்சொல். நாம் ஒட்சிசன் என்போம், தமிழகத்தில் ஆக்சிஜன். நாம் போர்த்துக்கேயர் என்போம், அங்கே போர்ச்சுகீசியர். தொகைமதிப்பு என்பது அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. தமிழக ஆய்வுகளும் தேவையானால் அவர்களின் சொல்லையும் போடுங்கள். எழுதும்போது மட்டும் ஒரே வழக்கைக் கடைசிவரை கைக்கொள்ளுங்கள்.

கூகுளில் எந்தக் குறிகள் உண்மையில் உதவும்?

மூன்று போதும். சொற்றொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டால் அது அப்படியே உள்ள பக்கங்கள் வரும். வேண்டாத சொல்லுக்கு முன் இடைவெளியின்றிக் கழித்தல் குறி இடலாம். "சைட்" என்ற ஆங்கிலச் சொல், முக்காற்புள்ளி, அதை ஒட்டி "டொட் ஜிஓவி டொட் எல்கே" என்று தட்டினால் இலங்கை அரச தளங்கள் மட்டும் வரும். தொடர்மாடித் தேடலில் விளம்பரங்கள் எல்லாம் இந்த ஒன்றிலேயே ஒழிந்துபோகும்.

நல்ல கட்டுரை கிடைத்தால் பணம் கேட்கிறது. என்ன வழி?

பணம் கட்டவேண்டாம். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்கொலரில் அந்தத் தலைப்பின் கீழே "ஓல் வெர்ஷன்ஸ்" என்று ஓர் இணைப்பு இருக்கும், அதை அழுத்துங்கள். ஆசிரியரின் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இலவசப் பிரதி அடிக்கடி கிடைக்கும். கிடைக்காவிட்டால் அன்பேவோல் என்ற உலாவி நீட்சியை நிறுவிப் பாருங்கள், சட்டப்படி திறந்திருக்கும் பிரதியை அது காட்டும். பிறகு உங்கள் நூலகத்தில் சந்தா இருக்கிறதா என்று கேளுங்கள். கடைசி வழி, ஆசிரியருக்கு நாலு வரி மின்னஞ்சல். பலர் அனுப்பிவைப்பார்கள். இலங்கையில் வெளியாகும் ஆய்விதழ்கள் பலவற்றை தேசிய விஞ்ஞான மன்றத்தின் ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளத்தில் இலவசமாக வாசிக்கலாம். நம் நாட்டுத் தரவு தேவையென்றால் வெளிநாட்டு இதழ்களுக்கு முன் அங்கே போங்கள்.

அதே ஸ்கொலரில் "சைட்டட் பை" என்ற இணைப்பையும் விடாதீர்கள். அந்தக் கட்டுரையைப் பிற்காலத்தில் யார் யார் எடுத்தாண்டார்கள் என்று அது காட்டும். 2005ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்து சென்ற வருடக் கட்டுரைக்கு வந்து சேர இதைவிடக் குறுக்குவழி இல்லை.

கொழும்பில் நேரில் எங்கே போகலாம்?

கொழும்பு 7இல் மூன்று இடங்கள் உண்டு. பொது நூலகம் ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில், விகாரமகாதேவிப் பூங்காவுக்கு எதிரில் இருக்கிறது. 1925இல் தொடங்கிய நூலகம். பொது வாசிப்புக்கும் பின்னணிக்கும் முதலில் இங்கே போகலாம். தேசிய நூலகம் சுதந்திர மாவத்தையில் இருக்கிறது. பிலிப் குணவர்தன மாவத்தையில் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களம் மூன்றாவது. இங்கே அச்சாவனவற்றின் பிரதிகளை அரசுக்கு ஒப்படைக்கும் கடமை 1885ஆம் ஆண்டின் அச்சகத்தார், வெளியீட்டாளர் கட்டளைச் சட்டத்திலிருந்து வருகிறது. ஆகவே வேறெங்கும் கிடைக்காத சிறு பிரசுரமும் பழைய பத்திரிகையும் சுவடிகள் திணைக்களத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகமும் உண்டு. தமிழ் இலக்கியம், சமூக வரலாறு என்றால் அங்கே ஒரு பகல் முழுதும் செலவிடலாம்.

பழைய பத்திரிகை பார்க்கப் போகிறவர்கள் திகதியோடு போங்கள். வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கின. கட்டித் தைத்த தொகுதிகளில் "ஐம்பதுகளில் ஏதோ ஒரு வருடம்" என்று தேடினால் ஒரு வாரம் போய்விடும். திகதியை முதலில் நாடாளுமன்ற விவாதப் பதிவான ஹன்சாட்டிலோ வர்த்தமானியிலோ அந்தச் சம்பவம் பற்றிய நூலொன்றிலோ பிடியுங்கள். செய்தி மறுநாள்தான் அச்சாகும் என்பதால் சம்பவ நாளையும் அடுத்த மூன்று நாளையும் கேளுங்கள்.

முதற்தடவை போகும்போது தேசிய அடையாள அட்டை, மாணவர் அட்டை, துறைத்தலைவரின் கடிதம் மூன்றும் கையில் இருக்கட்டும். பேனைக்குப் பதிலாகப் பென்சில் கொண்டுபோங்கள். படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டே போனை எடுங்கள். போயா நாளில் போய்த் திரும்பிவராமல் இருக்க முதல்நாள் தொலைபேசியில் விசாரியுங்கள்.

நூலகத்தில் புத்தகத்தைத் தேடுவது எப்படி?

கணினி நூற்பட்டியலில் தலைப்பைத் தேடி, அழைப்பெண்ணை, அதாவது நூல் தட்டில் நிற்கும் இடத்தைக் காட்டும் எண்ணை, குறித்துக்கொண்டு தட்டுக்குப் போங்கள். டூயி பகுப்பில் இலங்கை வரலாறு 954.93, தமிழ் இலக்கியம் 894.811. தேடிய நூல் இல்லாவிட்டாலும் திரும்பாதீர்கள், இருபக்கமும் உள்ள பத்துப் பத்து நூல்களின் பொருளடக்கத்தைப் புரட்டுங்கள். ஒரே பொருளில் உள்ளவை அடுத்தடுத்து நிற்பதற்காகத்தான் அந்த எண்.

விக்கிப்பீடியாவைப் பயன்படுத்தலாமா?

வாசியுங்கள், மேற்கோள் காட்டாதீர்கள். அடிக்குறிப்பில் உள்ள மூலத்துக்குப் போய், அந்தச் செய்தி அங்கே உண்மையில் இருக்கிறதா என்று பாருங்கள். சிலவேளை இராது.

ஒரே விடயத்துக்கு இரண்டு எண் கிடைக்கிறது. எதை எழுதுவது?

2012ஆம் ஆண்டு இலங்கையின் சனத்தொகையையே எடுத்துப் பாருங்கள். ஓரிடத்தில் 20,263,723, இன்னோரிடத்தில் 20,359,439 என்று இருக்கும். வித்தியாசம் 95,716. இரண்டையும் வெளியிட்டது அதே திணைக்களம். முதலாவது முன்கூட்டி வெளியிட்ட தற்காலிக எண், இரண்டாவது எல்லாப் படிவங்களும் பதப்படுத்தப்பட்ட பின் வந்த இறுதி எண். ஒப்படைக்கு இறுதி எண்ணே வேண்டும். ஆனால் 2012இலேயே எழுதப்பட்ட கட்டுரைகள் தற்காலிக எண்ணைத்தான் எடுத்திருக்கும். அவற்றிலிருந்து கொப்பி செய்தவர்களும் அதையே எழுதியிருப்பார்கள். ஆகவே பத்துத் தளங்கள் ஒரே எண்ணைச் சொல்கின்றன என்பது பத்துச் சாட்சி ஆகாது. ஒருவர் சொன்னதை ஒன்பது பேர் திருப்பிச் சொல்லியிருக்கலாம்.

வருடங்களை ஒப்பிடும்போது இன்னும் கவனம் வேண்டும். 1981க்குப் பின் அடுத்த குடிசன மதிப்பீடு 2001இல்தான் நடந்தது. அதுவும் 25 மாவட்டங்களில் 18இல் மட்டுமே முழுமையாக. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, மட்டக்களப்பு, திருகோணமலை ஆகிய ஏழும் முழுமையாக எண்ணப்படவில்லை. கொழும்பு பற்றிய ஆய்வுக்கு 2001 அட்டவணை தாராளமாக உதவும். வடக்குப் பற்றிய ஆய்வில் 1981ஐயும் 2012ஐயும் நேராக ஒப்பிட்டு, நடுவில் ஏன் எண் இல்லை என்று ஒரு வரி எழுதவேண்டும். வரைபடத்தில் 2001க்கு ஒரு புள்ளி வைத்துக் கோட்டை இழுத்துவிடுபவர்கள் இல்லாத தரவை உண்டாக்குகிறார்கள்.

அட்டவணை எதை எண்ணியது என்பதையும் கேளுங்கள். இனம் என்ற நிரலில் இருப்பது வீட்டார் தங்களைப் பற்றிச் சொன்ன பதில். 1981இல் இந்தியத் தமிழர் என்று பதிந்தவர்களின் பங்கு 5.5 வீதம், 2012இல் 4.1 வீதம். இந்த இறக்கத்துக்குள் இந்தியா சென்றவர்களும் இருப்பார்கள், தங்களை இலங்கைத் தமிழர் என்று பதிவுசெய்யத் தொடங்கியவர்களும் இருப்பார்கள். எண்ணை மட்டும் வைத்து "குறைந்துவிட்டார்கள்" என்று எழுதுவது மனிதர்களைப் பற்றிப் பொய் சொல்வதாக முடியும்.

ஓர் இணையத்தளம் நம்பத்தகுந்ததா என்று எப்படிச் சொல்வது?

அந்தத் தளத்துக்குள்ளேயே உட்கார்ந்து ஆராயாதீர்கள். வடிவமைப்பும் "எங்களைப் பற்றி" பக்கமும் யாருக்கும் வாய்க்கும். இன்னொரு தாவலைத் திறந்து, அந்த நிறுவனத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். ஐந்து நிமிடம் போதும். வட்ஸ்அப்பில் சுற்றும் படமென்றால் படத்தை வைத்தே பின்னோக்கித் தேடி, அது முதலில் எந்தத் திகதியில் வெளியானது என்று பாருங்கள். பழைய வெள்ளப் படம் ஒவ்வொரு மழைக்கும் புதிதாகப் புறப்பட்டு வரும்.

ஆய்விதழ் என்று பெயர் வைத்தவற்றையும் சந்தேகியுங்கள். கட்டுரையை மூன்றே நாளில் ஏற்பதாக வாக்களித்து, மதிப்பாய்வு பற்றி ஒன்றும் சொல்லாமல் கட்டணத்தை மட்டும் பெரிதாகச் சொன்னால் விலகிவிடுங்கள்.

சட்ஜிபிடியிடம் கேட்டு எழுதலாமா?

முதலில் உங்கள் துறையின் விதியைக் கேளுங்கள், பாடத்துக்குப் பாடம் வேறுபடும். தேடல் சொற்களை விரிக்கவும், கடினமான ஆங்கிலப் பந்தி ஒன்றை விளங்கிக்கொள்ளவும் அது உதவும். உசாத்துணைகளை மட்டும் அதனிடம் வாங்காதீர்கள். உண்மையான ஆசிரியர், உண்மையான இதழ், பொருத்தமான ஆண்டு எல்லாம் சேர்த்து, இல்லாத கட்டுரையொன்றை அது தரும். பார்த்தால் சந்தேகமே வராது. ஒவ்வொன்றையும் இப்படிச் சோதியுங்கள்: தலைப்பை மேற்கோள் குறிக்குள் இட்டு ஸ்கொலரில் தேடுங்கள். டி.ஓ.ஐ. எண் (கட்டுரைக்கு உரிய நிரந்தர அடையாள எண்) தந்திருந்தால் டி.ஓ.ஐ. தளத்தில் இட்டு, அதே கட்டுரை திறக்கிறதா என்று பாருங்கள். வேறு கட்டுரைக்குப் போவதும் உண்டு. பிறகு அந்த இதழின் அந்தத் தொகுதியின் பொருளடக்கத்தில் பக்க எண்ணைச் சரிபாருங்கள். வாசிக்காத கட்டுரை உங்கள் பட்டியலில் இருக்கக் கூடாது.

முப்பது பக்க ஆங்கிலக் கட்டுரையை எப்படி வாசித்து முடிப்பது?

முதல் வரியிலிருந்து தொடங்காதீர்கள். சுருக்கம், அறிமுகத்தின் கடைசிப் பந்தி, முடிவுரை, பிறகு அட்டவணைகள். இதற்கு இருபது நிமிடம். உங்கள் கேள்விக்கு உதவும் என்று தெரிந்தால் மட்டும் ஆய்வுமுறைப் பகுதிக்குப் போய், எத்தனை பேரிடம், எங்கே, எப்போது கேட்டார்கள் என்று குறியுங்கள். குறிப்பில் மூன்று அடையாளங்கள் வையுங்கள்: அவர்களின் சொற்கள் மேற்கோள் குறிக்குள், உங்கள் சொற்களில் சுருக்கியது குறியில்லாமல், உங்கள் சொந்த எண்ணம் சதுர அடைப்புக்குள். மூன்றுக்கும் பக்க எண் அவசியம். கருத்துத் திருட்டு என்று பிடிபடுகிறவர்களில் பலர் திருட நினைத்தவர்கள் அல்லர். மூன்று கிழமைக்கு முன் எழுதிய குறிப்பில் எது யாருடையது என்று மறந்தவர்கள்.

ஆங்கிலத்திலிருந்து நானே மொழிபெயர்த்தால் அதுவும் திருட்டா?

மூலத்தைச் சொல்லாவிட்டால், ஆம். உழைப்பு உங்களுடையது, கருத்தும் வாதத்தின் ஒழுங்கும் அவருடையது. பந்தியின் முடிவில் ஆசிரியர், ஆண்டு, பக்கம் கொடுத்து "மொழிபெயர்ப்பு என்னுடையது" என்று குறித்தால் பிரச்சினை இல்லை. ஒப்படைகளைச் சோதிக்கும் டர்னிட்டின் மென்பொருள் காட்டும் வீதம் எழுத்து ஒற்றுமையின் அளவு மட்டுமே. முறையாக மேற்கோள் காட்டிய பகுதியாலும் அது உயரும், மொழிபெயர்த்துத் திருடிய பகுதியைக் காணாமலும் விடும். வீதத்தைக் குறைப்பதற்காகச் சொற்களை மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பது வீண் வேலை.

உசாத்துணைப் பட்டியலில் தமிழ்ப் பெயரை எப்படி எழுதுவது?

ஏ.பி.ஏ. போன்ற மேற்கோள் முறைகள் குடும்பப் பெயரை எதிர்பார்க்கின்றன. நமக்கு முன்னால் இருப்பது தந்தையின் பெயரின் முதலெழுத்து, பின்னால் இருப்பது சொந்தப் பெயர். ஆகவே சொந்தப் பெயர் முதலில், காற்புள்ளி, பிறகு முதலெழுத்து. பெண்கள் சிலர் கணவரின் பெயரைப் பின்னால் சேர்த்திருப்பார்கள். அவர்களே தங்கள் நூல்களில் எப்படி எழுதுகிறார்களோ அதைப் பின்பற்றுங்கள். உசாத்துணைகளைச் சேர்த்துவைக்கும் சொட்டெரோ என்ற இலவச மென்பொருளில் பெயர்ப் பெட்டியின் பக்கத்தில் சிறு குறி ஒன்று உண்டு. அதை அழுத்தினால் பெயர் இரண்டாக உடையாமல் ஒரே பெட்டியில் நிற்கும். அதன் இலவசச் சேமிப்பு 300 எம்.பி. மட்டுமே, பி.டி.எஃப்.களைக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் நூல்களும் ஆங்கில நூல்களும் கலந்திருந்தால் இரண்டு பட்டியல்களாகப் பிரிக்கலாமா என்று மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சட்டங்களைத் தமிழில் மேற்கோள் காட்டலாமா?

காட்டலாம். ஆனால் சிங்களத்துக்கும் தமிழுக்கும் முரண்பாடு வந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று எமது சட்டங்களிலேயே வழக்கமாக எழுதப்பட்டிருக்கும். ஒரு சொல்லின் மேல் வாதம் கட்டுகிறீர்களானால் சிங்கள உரையைத் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

தேடும் தரவு எங்கும் வெளியாகவில்லை. கைவிடுவதா?

அரச நிறுவனத்தின் கையில் இருக்கிறது என்று தெரிந்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். இலங்கைப் பிரஜை எவரும் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம். "தொடர்மாடிகள் பற்றிய தகவல் தருக" என்று எழுதினால் ஒன்றும் வராது. "2018 முதல் 2023 வரை, ஒவ்வொரு வருடமும் வழங்கப்பட்ட கட்டட அனுமதிகளின் எண்ணிக்கை, வட்டார வாரியாக" என்று எழுதுங்கள். விண்ணப்பத்தை அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலருக்குக் கொடுத்து, கிடைத்ததற்கான சான்றை வாங்கிக்கொள்ளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலைநாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். தருவதென்றால் கட்டணம் செலுத்திய பின் மேலும் 14 நாட்கள், சில சந்தர்ப்பங்களில் அதற்கு மேலும் 21 நாட்கள் வரை போகலாம். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அங்கேயும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலுக்கான உரிமை ஆணைக்குழு. இரண்டு வார ஒப்படைக்கு இந்த வழி சரிவராது. ஆய்வேடு செய்பவர்கள் முன்மொழிவு ஏற்கப்பட்ட அதே வாரத்தில் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். பதில் வந்ததும் நிறுவனத்தின் பெயர், கடித இலக்கம், திகதி மூன்றையும் உசாத்துணையில் குறித்து, கடிதத்தின் பிரதியைப் பின்னிணைப்பில் சேர்த்துவிடுங்கள். அடுத்து வரும் மாணவர் அதே எண்ணை மறுபடி கேட்கவேண்டியிராது.